ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர்: திருநருக்கு அடையாள ஆவணங்கள் ஏன் இவ்வளவு சிக்கல்?

குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் ஆண் அல்லது பெண் என்று எழுதுகிறார்கள். அது பிறப்புச் சான்றிதழுக்குப் போகிறது. அதைக் காட்டித்தான் பள்ளியில் சேர்க்கிறோம். பள்ளியில் பதிந்ததுதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் வருகிறது. அப்புறம் வாக்காளர் அட்டை, பான், பாஸ்போர்ட், வேலை, பென்ஷன் எல்லாம் அதை ஒட்டியே நகர்கின்றன. இந்த வரிசையில் எந்த இடத்திலும் "நீ உன்னை யாராக உணர்கிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது, ஏனென்றால் அன்று எழுதியதும் இன்று அவர்கள் உணர்வதும் ஒன்றாக இருக்கின்றன.

சிலருக்கு அப்படி இல்லை. ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாகத் தன்னை உணர்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டு ஆணாக உணர்பவர் திருநம்பி. ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னை அடக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்; நான்-பைனரி என்று சொல்லிக்கொள்வார்கள். உடற்கூறிலேயே ஆண் பெண் இரண்டின் கூறுகளும் கலந்து பிறப்பவர்கள் ஊடுபால் மக்கள். இவர்கள் எல்லோரையும் சேர்த்து இங்கே திருநர் என்கிறேன். இந்த நான்கு வகையினருக்கும் வாழ்க்கை வேறு வேறு. ஆனால் அரசு அலுவலகக் கவுன்டரில் நால்வருக்கும் ஒரே தொல்லை காத்திருக்கிறது: கையில் இருக்கும் காகிதமும் எதிரே நிற்கும் ஆளும் பொருந்தவில்லை.

அந்தப் பொருந்தாமை என்ன செய்யும்? வங்கிக் கணக்கு தொடங்க ஒரு திருநங்கை போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் பழைய பெயர், பழைய படம், "ஆண்". எதிரே சேலை கட்டிக்கொண்டு நிற்கிறார். "இது யாரோட ஆதார்?" என்று கேட்கிறார்கள். "என்னோடதுதான் சார்" என்கிறார். அதன்பின் தன் உடலையும் தன் குடும்பத்தையும் தான் கடந்துவந்த வாழ்க்கையையும், வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழ விளக்கியாக வேண்டும். கணக்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், யாரிடம் எப்போது சொல்வது என்று அவர் முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயத்தை அந்த அட்டை அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. மதுரையில் மாட்டுத்தாவணிப் பக்கம் லாட்ஜில் அறை கேட்டாலும், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனாலும், இரவில் போலீஸ் நிறுத்தி ஐடி கேட்டாலும் இதே கதைதான். திருநம்பிகளுக்கு இது இன்னும் அபாயம். மீசையோடு இருப்பவரின் அட்டையில் பெண் பெயர் இருந்தால், திருட்டு அட்டையோ என்ற சந்தேகம்தான் முதலில் வருகிறது. இதற்குப் பயந்தே பல பேர் வேலைக்கு விண்ணப்பிப்பதையும் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் தள்ளிப்போடுகிறார்கள்.

சரி, ஒரு அட்டையை மாற்றிவிட்டால் தீர்ந்ததா? இல்லை. இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஆவணமும் வேறொரு ஆவணத்தைச் சாட்சியாகக் கேட்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால், நேற்று வரை ஒரே ஆளாக இருந்தவர் அரசின் பார்வையில் இரண்டு ஆளாகிவிடுகிறார். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கிறதா என்ற வித்தியாசத்துக்கே இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடந்தவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். அங்கே மாறுவது ஒரு எழுத்து. இங்கே பெயர், பாலினம், படம் மூன்றும் மாறுகின்றன.

பான் அட்டை இதற்கு நல்ல உதாரணம். ஆதாரில் தொடக்கத்திலிருந்தே மூன்றாவது பாலினத்துக்கு இடம் இருந்தது. பான் விண்ணப்பத்தில் 2018 ஏப்ரல் வரை ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள்தான். ஆதாரில் சரியாகப் பதிந்த ஒருவர் பானில் வேறு வழியில்லாமல் ஆண் என்றோ பெண் என்றோ போட்டிருப்பார். இரண்டையும் இணைக்க வேண்டும் என்று அரசு சொன்னபோது, விவரம் பொருந்தவில்லை என்று கணினி தள்ளிவிட்டது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. இரண்டு அலுவலகங்களின் படிவங்கள் ஒன்றோடு ஒன்று பேசவில்லை, அதற்கான விலையை அவர் கொடுத்தார். பிறகு மூன்றாவது கட்டம் பானிலும் வந்தது. திருநருக்கு மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழையே பானுக்கு ஆதாரமாக ஏற்கலாம் என்று 2024ல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு ஒப்புக்கொண்டது.

சட்டம் எப்படி வந்தது

தமிழ்நாடு இதில் முன்னால் போன மாநிலம். 2008ல் நாட்டிலேயே முதலாக இங்கேதான் திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. 2009ல் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் ஆண், பெண் தவிர "மற்றவர்" என்று பதிய அனுமதித்தது. 2014 மக்களவைத் தேர்தலில் பாரதி கண்ணம்மா மதுரைத் தொகுதியில் சுயேச்சை வேட்பாளராக நின்றார். வேட்புமனு என்பதும் ஓர் ஆவணம்தான். அதில் ஒரு திருநங்கை தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்ததை இந்த ஊர் அன்று பார்த்தது.

அதே 2014, ஏப்ரல் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கு என்பதால் அந்தப் பெயர். ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால்தான் ஏற்போம் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்பது தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஏப்ரல் 15தான் திருநங்கையர் தினம். வாரியம் அமைந்த நாளை ஒட்டி வந்தது அது.

தீர்ப்பு வந்தபின்னும் கவுன்டர்கள் மாறவில்லை. 2015ல் திருநங்கையான கே. பிரித்திகா யாஷினி போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழில் இருந்த பெயரும் அவர் பெயரும் ஒத்துப்போகவில்லை. படிவத்தில் அவருக்கான பாலினக் கட்டமும் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார், வென்றார், 2017ல் பணியில் சேர்ந்தார். அவரால் போக முடிந்தது. வழக்கு நடத்தும் தெம்போ துணையோ இல்லாமல் படிவத்தோடு வீட்டுக்குத் திரும்பியவர்களைப் பற்றி எந்தச் செய்தியிலும் வராது. நான் அவர்களைத்தான் அதிகம் நினைக்கிறேன்.

2019ல் நாடாளுமன்றம் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய மசோதாக்களில், ஒருவர் திருநர்தானா என்று பார்த்துச் சொல்ல மாவட்டந்தோறும் ஒரு குழு இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். ஒருவரை நிற்கவைத்துப் பரிசோதித்து அவர் யார் என்று மற்றவர்கள் முடிவு செய்வதா என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் அது நீக்கப்பட்டது. இயற்றப்பட்டபோது சட்டம் சொன்னது, மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் அவர் அடையாளச் சான்றிதழ் தருவார் என்பது. 2020 விதிகள் அதை இன்னும் தெளிவாக்கின: விண்ணப்பதாரர் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உறுதிமொழிப் பத்திரம் போதும், உடல் பரிசோதனை கூடாது, 30 நாளுக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்று அன்று அவை சொல்லின. 2020 நவம்பரில் இதற்கென ஒரு தேசிய இணையதளமும் வந்தது. பதினெட்டு வயது ஆகாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் கிடைக்கும் இந்தச் சான்றிதழில் பாலினம் "திருநர்" என்றே இருக்கும். ஒரு திருநங்கை தன் ஆவணங்களில் "பெண்" என்றும், ஒரு திருநம்பி "ஆண்" என்றும் வேண்டினால், 2019 சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி மருத்துவமனைச் சான்றோடு மறுபடி விண்ணப்பித்துத் திருத்திய சான்றிதழ் வாங்க வேண்டும். சட்டம் அறுவைச் சிகிச்சை என்கிறது. விதிகள் கொஞ்சம் இளகி, ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றையும் மருத்துவ உதவிக் கணக்கில் சேர்த்தன. நால்சா தீர்ப்பு, ஆண் என்றோ பெண் என்றோ மூன்றாம் பாலினம் என்றோ தானே சொல்லிக்கொள்ளலாம் என்றது. 2019ல் இயற்றப்பட்ட சட்டம் மூன்றில் ஒன்றை மட்டும் சுலபமாகக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டுக்கும் மருத்துவரின் கையெழுத்தைக் கேட்டது. தீர்ப்பு கொடுத்ததில் ஒரு பகுதியைச் சட்டம் திரும்ப எடுத்துக்கொண்டது என்றே நான் கருதுகிறேன். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், உடல்நிலை இடம் தராதவர்கள் இருக்கிறார்கள், பணம் இல்லாதவர்கள் அதைவிட அதிகம்.

எதை முதலில் மாற்றுவது

சான்றிதழ் கையில் வந்தபின் வரிசை முக்கியம். முதலில் ஆதார். காரணம் எளிது: இன்றைக்கு மற்ற எல்லாம் ஆதாரைத்தான் கேட்கின்றன. ஆனால் அதில் அவசரம் கூடாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பாலினத்தை ஒரு முறையும்தான் வழக்கமான முறையில் திருத்தலாம். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே முழுப் பெயரையும், இனிஷியலையும், ஆங்கிலத்தில் எழுதும் முறையையும் முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எந்தப் படிவமானாலும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்ப வேண்டும். இனிஷியல் பற்றி ஒரு வார்த்தை: வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்களில் சிலருக்கு அப்பாவின் எழுத்தைச் சுமக்க மனம் வராது. அந்த வலி புரிகிறது. ஆனால் பெயர், பாலினம், இனிஷியல் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பழைய மார்க் ஷீட்டில் இருக்கும் ஆளும் நீங்களும் ஒருவரே என்று காட்டும் கண்ணி குறைந்துபோகிறது. முடிவு அவரவருடையது, தெரிந்து எடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டுவிடுவது நல்லது. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும் அந்த அரசிதழ் நகல்தான் பிற்பாடு பல கவுன்டர்களில் கைகொடுக்கும். வாக்காளர் அட்டை, பான், வங்கி, ரேஷன் ஆகியவை ஆதாருக்குப் பின்னால் அதிகம் முரண்டு பிடிக்காமல் வரும். வங்கிகள் தங்கள் படிவங்களில் மூன்றாம் பாலினத்தைச் சேர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015லேயே சொல்லிவிட்டது. பாஸ்போர்ட், ரயில் முன்பதிவு இரண்டிலும் மூன்றாவது தெரிவு உண்டு. பழைய ஆவணங்களைக் கோபத்தில் கிழித்துவிடக் கூடாது. நகல்களோடு ஒரு கோப்பில் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் கடினம் படிப்புச் சான்றிதழ். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பட்டம் ஒவ்வொன்றும் வேறு வேறு அலுவலகம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவருக்கு, பல்கலைக்கழகம் பட்டத்தில் பெயரை மாற்றப் பள்ளிச் சான்றிதழைக் கேட்கலாம், பள்ளிச் சான்றிதழுக்கோ தேர்வுத் துறையிடம் போக வேண்டும். படித்து முடித்துப் போனவரின் பெயரைப் பின்னோக்கி மாற்ற முடியாது என்ற பதில் வழக்கமாக வரும். ஆனால் 2020 விதிகளின் பின்னிணைப்பில், திருத்தித் தர வேண்டிய ஆவணங்களின் பட்டியலில் பள்ளிக் கல்விச் சான்றிதழ்களும் பெயர் சொல்லி இருக்கின்றன; 15 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த விதியை அச்சடித்து மனுவோடு இணைப்பது பலன் தரும். வாய்மொழியாக "முடியாது" என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் போக முடியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டாலே பாதி அலுவலகங்கள் அசையும்.

விதிகள் திருத்தத்துக்கு உட்பட்டவை. விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பு விதி என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டே தொடங்க வேண்டும். திருநங்கையர் நல வாரிய அட்டைக்கும் அதே அலுவலகம்தான்.

ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு தீர்ப்பு

ஒரு பதிவேட்டில் பாலினம் என்ன செய்யும் என்பதற்கு மதுரைக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் 2018ல் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்யப் போனபோது சார்பதிவாளர் மறுத்தார். வழக்கு ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இந்து திருமணச் சட்டத்தில் "மணமகள்" என்று இருப்பது பெண்ணாகத் தன்னை அடையாளப்படுத்தும் திருநங்கையையும் குறிக்கும், திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்றார். அதே தீர்ப்பில் ஊடுபால் குழந்தைகளைப் பற்றியும் பேசினார். பிறந்த குழந்தையை ஆண் அல்லது பெண் என்ற ஏதோ ஒரு கட்டத்தில் பொருத்துவதற்காகவே பச்சிளம் உடலில் கத்தி வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதைத் தடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அத்தகைய அறுவைச் சிகிச்சைக்குத் தடை விதித்து ஆணை போட்டது. ஒரு படிவத்தின் இரண்டு கட்டங்கள் ஒரு குழந்தையின் உடல் வரை போகக்கூடியவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

திருநம்பி, நான்-பைனரி

நம் ஊர் அலுவலகங்களுக்குத் திருநங்கையரைத் தெரியும். கூவாகம் திருவிழாவாலும், சுயஉதவிக் குழுக்களாலும், வாரியத்தாலும் தெரியும். மதுரை அனுப்பானடியில் வளர்ந்த பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019ல் பத்மஸ்ரீ வாங்கியதாலும் தெரியும். திருநம்பிகளை அப்படித் தெரியாது. "திருநங்கைக்குத்தானே இந்தத் திட்டம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட திருநம்பிகள் உண்டு. 2019ல் இயற்றப்பட்டபோது சட்டத்தின் வரையறையில் திருநம்பி தெளிவாகவே இருந்தார்.

நான்-பைனரி மக்களுக்கு நிலைமை இன்னும் மங்கல். அந்த வரையறை திருநங்கை, திருநம்பி, ஊடுபால், அரவாணி போன்றவர்களோடு, இருபால் வகைப்பாட்டுக்குள் அடங்காதவர்களையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. அதாவது அந்த வரையறைப்படி அவர்களும் சான்றிதழ் கேட்க முடிந்தது. ஆனால் படிவத்தில் அவர்களுக்கென்று தனிக் கட்டம் இல்லை. ஆண், பெண், திருநர் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். "திருநர்" என்பதை எடுத்தால் அறிமுகமில்லாத ஒவ்வொருவரிடமும் அட்டையே அவரைப் பற்றிப் பேசிவிடும். எடுக்காவிட்டால் அட்டை பொய் பேசும். உசிலம்பட்டியில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டு மதுரையில் கல்லூரிக்கு வரும் ஒரு பிள்ளைக்கு இந்தத் தேர்வு லேசானதில்லை. ஆதார் திருத்தியதும் தபாலில் வரும் கடிதத்தை வீட்டில் யார் பிரிப்பார்கள் என்பதில் தொடங்கி யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு எதையும் மாற்றாமல் இருப்பவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. பாதுகாப்பாகச் சொந்தக் காலில் நிற்கும்வரை காத்திருப்பதும் நியாயமான முடிவுதான்.

ரேஷன் கார்டும் ஜமாத்தும்

கடைசியாகக் குடும்பம். ரேஷன் கார்டு தனி ஆளுக்கான ஆவணம் இல்லை, வீட்டுக்கானது. வீட்டைவிட்டு வந்த திருநங்கையின் பெயர் அப்பா கார்டில் இருக்கும். தனிக் கார்டு வேண்டுமானால் அங்கே பெயரை நீக்க வேண்டும், நீக்கப் பழைய வீட்டோடு பேச வேண்டும். பேசவே முடியாத நிலையில் இருப்பவர் நேரடியாக வட்ட வழங்கல் அலுவலரிடம் தன் நிலைமையை எழுதிக் கொடுப்பதுதான் வழி. கார்டு முக்கியம், அரிசிக்கு மட்டுமல்ல, கலைஞர் மகளிர் உரிமைத் தொகை போன்ற திட்டங்களுக்கும் அதுதான் அடிப்படை.

திருநங்கையர் ஒரு குடும்பம் போலக் கூடி வாழும் ஜமாத்தில் உறவு வேறு மாதிரி. மூத்தவரை அம்மா என்றும் நானி என்றும் அழைத்து, மகளாகச் சேர்ந்து, நோயில் கிடந்தால் பார்த்து, இறந்தால் காரியம் செய்கிறார்கள். இருபது வருஷம் கூட இருந்த அந்த மகளுக்கு அரசுக் காகிதத்தில் எந்த இடமும் இல்லை. அம்மா இறந்ததும் வங்கியில் இருக்கும் சேமிப்புக்கு, எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன் தம்பிகள் வாரிசுச் சான்றிதழோடு வந்து நிற்பார்கள். இதைத் தவிர்க்கக் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு வேலை இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு நாமினியாக யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நாமினிக்குப் பணத்தை வாங்கும் உரிமை கிடைக்கும். ஆனால் சொத்து யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது உயில்தான், அதனால் இரண்டு சாட்சிகளோடு ஓர் உயிலும் எழுதிவைக்க வேண்டும். பெயர் திருத்த வங்கிக்குப் போகும் அன்றே நாமினி படிவத்தையும் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்துவிடலாம். மகளின் பெயரை அவர் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும்.